லென்ஸ் ஆகச் சொல்வது யார்? கருவில் கண் லென்ஸ் உருவாகும் விதம்

முதலில் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். விலங்கியல் படிக்கும் ஒரு மாணவர் கேட்டது இது: "மூளையிலிருந்து புடைத்து வரும் கண் குமிழ் போய்த் தோலைத் தொட்டதும் அந்த இடத்துத் தோல் லென்ஸாக மாறுகிறது என்று ஒரு பாடத்தில் படித்தோம். இன்னொரு பாடத்தில் பேக்ஸ்6 என்ற மரபணுதான் கண்ணுக்கே தலைமை மரபணு என்று வருகிறது. இரண்டில் எது சரி? லென்ஸை உண்டாக்கும் மரபணு எது? அப்புறம், குகை மீன்களுக்குக் கண் இல்லாமல் போனதற்கு லென்ஸ்தான் காரணம் என்கிறார்களே, உண்மையா?"

இரண்டு பாடமும் பாதி உண்மையைச் சொல்கின்றன. லென்ஸை உண்டாக்கும் ஒற்றை மரபணு என்று எதுவும் கிடையாது. கண் குமிழ் தொட்ட மாத்திரத்தில் எந்தத் தோலும் லென்ஸாக மாறிவிடுவதும் கிடையாது. கருவின் தலைப் பகுதியில் உள்ள புறப்படைக்கு, அதாவது பின்னால் தோலாகப் போகும் வெளி அடுக்குக்கு, லென்ஸ் ஆகும் சாய்வு முன்கூட்டியே வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு மரபணுக்கள் செய்வதில் பெரும்பங்கு, வேண்டாத இடங்களில் அந்தச் சாய்வை அடக்குவதும், வேண்டிய ஓர் இடத்தில் அதை முழுமைக்குக் கொண்டுபோவதும்தான். இந்தப் புரிதல் வர ஏறக்குறைய நூறு வருஷம் பிடித்தது. அது வந்த வழியோடு சேர்த்துச் சொன்னால்தான் பேக்ஸ்6 எங்கே பொருந்துகிறது என்பது விளங்கும்.

1901இல் ஜெர்மனியில் ஹான்ஸ் ஸ்பீமான், ஐரோப்பாவின் சாதாரணப் பழுப்புத் தவளையின் கருவில் ஒரு சோதனை செய்தார். நரம்புத் தட்டு (பின்னால் மூளையும் தண்டுவடமுமாகும் தட்டையான பகுதி) தெரியத் தொடங்கும் பருவத்தில், பின்னால் கண்ணாகப் போகும் சிறு பகுதியைச் சூடான ஊசியால் பொசுக்கிவிட்டார். அந்தப் பக்கத்தில் கண் குமிழ் வரவில்லை, லென்ஸும் வரவில்லை. லென்ஸாக வேண்டிய தோலில் அவர் கையே வைக்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஒரு திசு பக்கத்துத் திசுவின் விதியைத் தீர்மானிக்கிறது என்பதற்கு அது மிக வலுவான சான்றாக இருந்தது. மூன்று வருஷம் கழித்து அமெரிக்காவில் வாரன் லூயிஸ், தவளைக் கருவின் கண் குமிழை எடுத்து வேறு இடத்துத் தோலுக்கு அடியில் வைத்தார். அங்கே லென்ஸ் வந்தது. பாடப்புத்தகம் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

அப்போதே இதற்கு எதிரான முடிவுகளும் வந்திருந்தன. 1905இல் ஹெலன் டீன் கிங், கண் குமிழ் இல்லாத பக்கத்திலும் லென்ஸ் போன்ற அமைப்பு வருவதைக் காட்டினார். ஸ்பீமானே பிறகு வேறொரு தவளை இனத்தில் அதே சோதனையைச் செய்தபோது, கண் குமிழ் இல்லாமலே லென்ஸ் வந்தது. அவர் அதையும் வெளியிட்டார். ஒரே வேலையை இரண்டு தவளை இனங்கள் இரண்டு விதமாகச் செய்வதை எப்படி விளக்குவது என்று அன்றைக்கு யாருக்கும் பிடிபடவில்லை. எளிமையான கதை புத்தகத்தில் தங்கிவிட்டது, சிக்கலான முடிவுகள் பழைய இதழ்களோடு நின்றுவிட்டன. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. ஒரு மாணவருக்கு இந்த முரண்பாட்டையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்திருந்தால், இன்று நீங்கள் கேட்ட கேள்விக்கான பாதி விடை அவருக்குத் தானாகவே தோன்றியிருக்கும்.

முடிச்சை அவிழ்த்ததில் இரண்டு பேருடைய பங்கு பெரிது. 1960களில் ஆன்டோன் ஜேக்கப்சன், சாலமாண்டர் கருவில் லென்ஸைத் தூண்டுவது கண் குமிழ் மட்டுமல்ல என்று காட்டினார். வருங்கால லென்ஸ் தோலுக்கு அடியில் முதலில் முன்குடலின் அகப்படை இருக்கிறது. பிறகு இதயமாகப் போகும் நடுப்படை பக்கத்தில் வருகிறது. கண் குமிழ் வந்து சேர்வது கடைசியில்தான். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தோலைத் தயார்ப்படுத்துகிறது. 1980களில் வர்ஜீனியாவில் ராபர்ட் கிரெய்ஞ்சரும் சக ஆய்வாளர்களும் ஆப்பிரிக்கத் தவளையான செனோபஸில் பழைய ஒட்டுச் சோதனைகளைத் திரும்பச் செய்தார்கள். இந்த முறை ஒரு கருவின் செல்களுக்கு முன்கூட்டியே அடையாளச் சாயம் ஏற்றிவிட்டார்கள். அதனால் வரும் லென்ஸ் யாருடைய செல்லிலிருந்து வந்தது என்பது சந்தேகமில்லாமல் தெரிந்தது. கண் குமிழை எடுக்கும்போது அதில் ஒட்டியிருந்த சில லென்ஸ் செல்களும் கூடவே போய்விடுகின்றன, பழைய சோதனைகளில் வேறிடத்தில் 'உருவான' லென்ஸ் பல சமயம் அந்தச் செல்களிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று தெரியவந்தது. சுத்தமாக எடுத்து வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்தால் கண் குமிழால் லென்ஸைத் தூண்ட முடியவில்லை. தலையின் புறப்படை மட்டும், அதுவும் குறிப்பிட்ட பருவத்தைக் கடந்த பிறகு, அந்தத் தூண்டலுக்கு இசைந்தது.

அப்படியானால் அந்தத் தலைப் புறப்படையில் முன்கூட்டியே என்ன நடந்திருக்கிறது? என்னைக் கேட்டால் இந்தத் துறையின் மிக அழகான முடிவு இங்கேதான் இருக்கிறது. கருவின் நரம்புத் தட்டின் முன்விளிம்பைச் சுற்றி ஒரு பட்டை போலப் புறப்படை இருக்கிறது. மூக்கின் மோப்பத் திசு, கண் லென்ஸ், உள்காது, முகத்தின் சில நரம்பு முடிச்சுகள் எல்லாம் இந்தப் பட்டையின் வெவ்வேறு பகுதிகளிலிருந்தே வருகின்றன. 2006இல் லண்டனில் ஆண்ட்ரியா ஸ்ட்ரைட்டின் குழு, அமெரிக்காவின் மரியான் பிரானரோடு சேர்ந்து, கோழிக் கருவில் இந்தப் பட்டையின் பல துண்டுகளை வெட்டி எடுத்துத் தனித்தனியாக வளர்த்தது. பக்கத்துத் திசுக்களின் சமிக்ஞை எதுவும் இல்லாமல் விடப்பட்டபோது எல்லாத் துண்டுகளுமே லென்ஸ் ஆகும் பக்கம் போயின. காதாகப் போக வேண்டிய துண்டு கூட லென்ஸ் புரதத்தை உண்டாக்கியது. மூக்காகப் போக வேண்டிய துண்டை மூக்கின் வழிக்குத் திருப்ப, எஃப்ஜிஎஃப் என்ற வளர்ச்சிச் சமிக்ஞைப் புரதத்தைத் தர வேண்டியிருந்தது. ஆக, இந்தப் பட்டைக்கு லென்ஸ்தான் தொடக்க நிலை. மற்ற உறுப்புகளுக்குத்தான் மாற்றிவிடும் சமிக்ஞை தேவைப்படுகிறது.

சரி, எல்லாப் பகுதிக்கும் லென்ஸ் ஆகும் சாய்வு இருந்தால் நம் கன்னத்திலும் நெற்றியிலும் ஏன் லென்ஸ் முளைப்பதில்லை? தடுப்பவை நரம்பு முகட்டுச் செல்கள். நரம்புத் தட்டு சுருண்டு நரம்புக் குழாயாக மூடும் சமயத்தில் அதன் உச்சியிலிருந்து கிளம்பி, தலை முழுக்கத் தோலுக்கு அடியில் பரவி, முகத்தின் எலும்பும் குருத்தெலும்புமாக மாறுபவை இவை. இவை போகும் வழியில் டிஜிஎஃப்-பீட்டா வகைச் சமிக்ஞையை வெளியிடுகின்றன. அது மேலிருக்கும் புறப்படையில் டபிள்யுஎன்டி என்னும் மற்றொரு சமிக்ஞைப் பாதையைத் தூண்ட, பேக்ஸ்6 அடங்குகிறது, லென்ஸ் வழி மூடுகிறது. எலிக் கருவில் இந்த டபிள்யுஎன்டி பாதையின் நடுநாயகமான பீட்டா-கட்டெனினைப் புறப்படையிலிருந்து நீக்கினால், கண்ணுக்கு வெளியே மூக்கை ஒட்டிய தோலிலும் லென்ஸ் போன்ற உருண்டைகள் வருகின்றன. நேர்மாறாக அதை வலுக்கட்டாயமாக இயங்க வைத்தால், சரியான இடத்திலும் லென்ஸ் வருவதில்லை.

இப்போது கண் குமிழின் வேலை வேறு மாதிரித் தெரியும். அது மூளையிலிருந்து புடைத்து வந்து தோலோடு நெருங்கி ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒட்டில் இடைவெளி இல்லாததால் நரம்பு முகட்டுச் செல்கள் உள்ளே நுழைய முடிவதில்லை. தடை போய்ச் சேராத ஒரே வட்டத்தில் லென்ஸ் ஆகும் சாய்வு அழியாமல் தப்புகிறது. கண் குமிழ் பிறகு உள்ளே குழிந்து கண் கிண்ணமாகிறது, விழித்திரை வருவது அதிலிருந்துதான். லென்ஸ் எப்போதும் அந்தக் கிண்ணத்தின் வாய்க்கு நேராகவே அமைவதற்கு இது ஒரு பெரிய காரணம். ஸ்பீமானின் இரண்டு தவளைகளுக்கும் கூட இந்த வழியில் நியாயமான ஒரு விளக்கம் சொல்லலாம்: முன்கட்டத் தயாரிப்பு எவ்வளவு தூரம் முடிந்திருக்கிறது, தடுப்பு எப்போது வந்து சேர்கிறது என்பதில் இனத்துக்கு இனம் வேறுபாடு இருந்தால் போதும்.

ஆனால் கண் குமிழ் வெறும் மறைப்புச் சுவர் என்று நினைத்துவிடாதீர்கள். அது தன் பங்குக்கும் சமிக்ஞை அனுப்புகிறது. 1998இல் ஃபுருட்டாவும் பிரிஜிட் ஹோகனும் பிஎம்பி4 என்ற சமிக்ஞைப் புரதம் இல்லாத எலிக் கருக்களைப் பார்த்தார்கள். கண் குமிழ் வந்தது, தோலைத் தொட்டது, ஆனாலும் லென்ஸ் வரவில்லை. அந்தக் கண் பகுதியைத் தனியே வளர்த்து, பிஎம்பி4 நனைத்த நுண்மணியைக் குமிழுக்குள் வைத்தபோது லென்ஸ் தொடங்கியது. அதே சமயம், குமிழை முழுக்க எடுத்துவிட்டு வெறும் பிஎம்பி4 கொடுத்தால் லென்ஸ் வரவில்லை. அதாவது பிஎம்பி4 தேவை, அது மட்டும் போதாது. எஃப்ஜிஎஃப் சமிக்ஞைக்கும் இந்தக் கட்டத்தில் பங்கு உண்டு. சற்று முன் இதே எஃப்ஜிஎஃப் மூக்கின் பக்கம் திருப்புகிறது என்றேனே, அது முரண்பாடு இல்லை. எந்த நேரத்தில், எவ்வளவு, எதனோடு சேர்ந்து வருகிறது என்பதைப் பொறுத்து ஒரே சமிக்ஞைக்குக் கருவில் வெவ்வேறு பொருள். மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடமும் இதுதான்.

இனி பேக்ஸ்6. எலிகளில் சிறுகண் எலி என்று ஒரு பரம்பரை 1960களிலிருந்தே தெரியும். தாயிடமும் தந்தையிடமும் இருந்து வரும் ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானால் கண்ணும் லென்ஸும் சிறுத்துப் போகும். இரண்டு பிரதியும் பழுதானால் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை, பிறந்தவுடன் குட்டி இறந்துவிடும். 1991இல் அந்தப் பழுது பேக்ஸ்6 மரபணுவில் இருப்பது தெரிந்தது. அதே ஆண்டில் மனிதர்களில் ஐரிஸ் (கண்மணியைச் சுற்றியுள்ள நிறப்படலம்) இல்லாமல் பிறக்கும் அனிரிடியா என்ற நோய்க்கும் 11ஆம் குரோமோசோமில் உள்ள இதே மரபணு அடையாளம் காணப்பட்டது. 1994இல் கண்ணில்லாப் பழ ஈயின் மரபணுவும் இதன் உறவு என்று தெரியவந்தது. அடுத்த ஆண்டு சுவிட்சர்லாந்தில் வால்டர் கெரிங்கின் குழு அதை ஈயின் கால், இறக்கை, உணர்கொம்பு ஆகிய இடங்களில் இயக்கிக் கண்களை முளைக்க வைத்தது. எலியின் பேக்ஸ்6 மரபணுவைப் போட்டாலும் ஈயில் ஈயின் கண்ணே வந்தது. தலைமை மரபணு என்ற பட்டம் அந்தப் பரபரப்பில் ஒட்டிக்கொண்டதுதான்.

அந்தப் பட்டத்தை நான் அவ்வளவு எளிதில் கொடுக்க மாட்டேன். பேக்ஸ்6 மூளையின் புறணியிலும் இயங்குகிறது, கணையத்தில் ஹார்மோன் சுரக்கும் செல்களிலும் இயங்குகிறது. அங்கெல்லாம் லென்ஸ் வருவதில்லை. ஆனால் லென்ஸ் வரும் இடத்தில் அது தவிர்க்க முடியாதது என்பதில் சந்தேகமே இல்லை. எந்தத் திசுவில் தவிர்க்க முடியாதது என்பதை ஃபுஜிவாராவும் சக ஆய்வாளர்களும் 1994இல் எலிக் கருக்களில் நேர்த்தியாகக் காட்டினார்கள். பேக்ஸ்6 பழுதான கருவின் தோலையும் இயல்பான கருவின் கண் குமிழையும் சேர்த்து வளர்த்தால் லென்ஸ் இல்லை. இயல்பான தோலையும் பழுதான கருவின் கண் குமிழையும் சேர்த்தால் லென்ஸ் வந்தது. எனவே லென்ஸுக்கு பேக்ஸ்6 தேவைப்படுவது தோலில்தான். 2000இல் ரூத் அஷெரி-படானும் பீட்டர் குரூஸும் சக ஆய்வாளர்களும் எலியில் இந்தத் தோலிலிருந்து மட்டும் பேக்ஸ்6ஐ நீக்கினார்கள். லென்ஸ் அடியோடு இல்லாமல் போனது. எதிர்பாராத இன்னொன்றும் நடந்தது: லென்ஸ் இல்லாத அந்தக் கண் கிண்ணத்துக்குள் ஒரு விழித்திரைக்குப் பதிலாகப் பல விழித்திரைகள் தனித்தனியே மடிந்து உருவாயின. கண் குமிழ் லென்ஸை அமைக்கிறது, லென்ஸ் திரும்பிக் கண் கிண்ணத்தை ஒழுங்குபடுத்துகிறது.

பேக்ஸ்6 எப்படி ஓரிடத்தில் லென்ஸையும் மற்றோர் இடத்தில் கணையச் செல்லையும் செய்கிறது என்பதற்கு ஜப்பானில் ஹிசாட்டோ கொண்டோவின் ஆய்வகம் தெளிவான விடை தந்தது. பறவை லென்ஸில் டெல்டா-கிரிஸ்டலின் என்ற புரதம் ஏராளமாக இருக்கிறது. அந்த மரபணுவை லென்ஸில் இயக்கும் கட்டுப்பாட்டுப் பகுதியின் மையம் ஏறக்குறைய 30 எழுத்துகள் நீளமுள்ள ஒரு டிஎன்ஏ துண்டு. 2001இல் அவர்கள் காட்டியது: அந்தத் துண்டில் பேக்ஸ்6 உட்காரும் இடம் சுமாரான பொருத்தம் உடையது, அது தனியாக வந்தால் உறுதியாகப் பிடித்துக்கொள்ள முடியாது. பக்கத்து இடத்தில் சாக்ஸ்2 என்ற இன்னொரு புரதம் வந்து உட்கார்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், மரபணு இயங்கத் தொடங்கும். வங்கி லாக்கர் மாதிரிதான், இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும். தலைத் தோலில் பேக்ஸ்6 பரவலாக இருக்கிறது. கண் குமிழ் தொடும் இடத்தில்தான் சாக்ஸ்2 உயர்கிறது. இரண்டும் சந்திக்கும் இடம் லென்ஸ். உங்கள் இரண்டு பாடங்களும் உண்மையில் கைகோர்ப்பது இந்த 30 எழுத்துகளில்தான்.

பேக்ஸ்6இன் அளவும் முக்கியம். ஒரு பிரதி பழுதானாலே அனிரிடியா வருகிறது, எலியின் லென்ஸ் சிறுக்கிறது என்பதைப் பார்த்தோம். பாதி அளவு புரதம் போதாத அரிய மரபணுக்களில் அது ஒன்று. அனிரிடியா உள்ளவர்களில் பலருக்குக் கண்புரையும் சேர்ந்து வருவதற்குக் காரணமும் இந்தக் குறைதான்.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க விரும்பினால் கோழிக் கரு போல வசதியானது வேறில்லை. நாமக்கல் பண்ணை முட்டை உதவாது, அதில் கருவே இருக்காது. சேவலோடு வளரும் நாட்டுக்கோழியின் முட்டை வேண்டும். ஏறக்குறைய 38 டிகிரி செல்சியஸில் இரண்டு நாள் வைத்து, ஓட்டில் சிறு ஜன்னல் வெட்டி உருப்பெருக்கியில் பார்த்தால், இதயம் துடித்துக்கொண்டிருக்கும். தலையின் இரு பக்கமும் கண் குமிழ்கள் புடைத்திருக்கும். அந்தக் கட்டத்தில் ஒரு கருவை மெல்லிய சீவலாக வெட்டிச் சாயமேற்றிப் பார்த்தால் இன்னும் தெளிவு. தலையைச் சுற்றி ஒரே அடுக்காகத் தட்டையாக ஓடிவரும் புறப்படை, கண் குமிழைத் தொடும் இடத்தில் மட்டும் சட்டென்று உயரும். அங்குள்ள செல்கள் தூண் போல நெடுநெடுவென்று நிற்கும். இதைத்தான் லென்ஸ் பிளாக்கோட் என்கிறோம். தோலுக்கும் குமிழுக்கும் இடையே பசை போன்ற ஒரு புறப்பொருள் சேர்ந்து செல்களைக் கட்டிப்போட்டுவிடுகிறது. செல்கள் பெருகுகின்றன, ஆனால் பக்கவாட்டில் பரவ வழியில்லை, அதனால் நெருக்கியடித்து உயர்கின்றன. இன்னும் சில மணி நேரத்தில் அந்தத் தடித்த பகுதி உள்நோக்கிக் குழியத் தொடங்கும்.

குழிவதற்கும் மரபணு உண்டு. ஷ்ரூம்3 என்ற புரதம் ஒவ்வொரு தூண் செல்லின் வெளிநுனியையும் சுருக்குப் பை வாய் போல இறுக்குகிறது. எல்லாச் செல்லின் வெளிநுனியும் குறுகும்போது தட்டு தானாக உள்ளே வளைகிறது. இந்த ஷ்ரூம்3ஐ இயக்குவதும் பேக்ஸ்6தான். குழி ஆழமாகி, வாய் மூடி, தோலிலிருந்து துண்டித்துக்கொண்டு ஒரு சிறு பந்தாகக் கண் கிண்ணத்துக்குள் விழுகிறது. அந்தத் துண்டிப்புக்கு ஃபாக்ஸ்இ3 என்ற மரபணு தேவை. அது பழுதான எலிகளில் லென்ஸ் கார்னியாவோடு ஒரு காம்பு போல ஒட்டியே நின்றுவிடுகிறது. மனிதர்களில் இதன் இரண்டு பிரதியும் செயலிழந்தால் லென்ஸே இல்லாமல் குழந்தை பிறக்கக்கூடும். இப்படி இரண்டு பிரதியும் ஒரே பழுதோடு வந்து சேரும் வாய்ப்பு, நெருங்கிய சொந்தத்தில் பெண் எடுத்துப் பெண் கொடுக்கும் குடும்பங்களில் கூடுதல். நம் பக்கத்தில் பிறவிக் கண் நோய் மருத்துவர்கள் முதல் கேள்வியாகவே 'சொந்தத்தில் கல்யாணமா?' என்று விசாரிப்பது இதனால்தான்.

மனிதக் கருவில் பிளாக்கோட் தெரிவது ஏறக்குறைய நான்காவது வாரத்தின் முடிவில். ஐந்தாவது வாரத்தில் லென்ஸ் பந்து தோலிலிருந்து பிரிகிறது. எலியில் இதே வேலை ஒன்பதரை நாளில் தொடங்கிப் பதினோராம் நாளுக்குள் முடிந்துவிடும்.

இதுவரை வந்திருப்பது உள்ளே வெற்றிடமுள்ள ஒரு பந்து மட்டும். லென்ஸாக வேண்டுமானால் பின்பக்கச் செல்கள் நீண்டு நார்களாகி அந்த வெற்றிடத்தை அடைக்க வேண்டும். முன்பக்கச் செல்கள் ஒற்றை அடுக்காக அப்படியே நின்று, ஆயுள் முழுக்கப் புதிய செல்களைத் தந்துகொண்டிருக்க வேண்டும். முன், பின் என்பதைச் செல்களுக்கு யார் சொல்கிறார்கள்? 1963இல் ஜேன் கூலம்பரும் ஆல்ஃபிரட் கூலம்பரும் ஐந்து நாள் கோழிக் கருவின் கண்ணிலிருந்து லென்ஸை எடுத்து, முன்பின்னாகத் திருப்பி அதே இடத்தில் வைத்தார்கள். இப்போது விழித்திரையைப் பார்த்து நின்ற பழைய முன்பக்கச் செல்கள் நீண்டு நார்களாகத் தொடங்கிவிட்டன. ஆக, திசை லென்ஸுக்குள் எழுதப்பட்டதில்லை, விழித்திரைப் பக்கத்திலிருந்து வருகிறது. இருபத்தைந்து வருஷம் கழித்து சிட்னியில் ஜான் மெக்காவாயும் கோரல் சேம்பர்லெய்னும் அந்தச் செய்தியை அடையாளம் கண்டார்கள். எஃப்ஜிஎஃப்பைக் குறைந்த அளவில் கொடுத்தால் எலி லென்ஸ் செல்கள் பெருகுகின்றன, இன்னும் கூட்டினால் நகர்கின்றன, மேலும் கூட்டினால் நார்களாக மாறுகின்றன. கண்ணுக்குள் விழித்திரைப் பக்கக் கூழ்மத்தில் எஃப்ஜிஎஃப் அதிகம், முன்பக்க நீரில் குறைவு. எஃப்ஜிஎஃப்பை வாங்கும் ஏற்பிகள் மூன்றையும் எலி லென்ஸில் ஒன்றாக நீக்கியபோது பின்பக்கச் செல்கள் நீளவே இல்லை.

அந்தச் சமிக்ஞை செல்லுக்குள் போய்ச் சேர்ந்ததும் இயங்கும் மரபணுக்களில் சி-மாஃப், புராக்ஸ்1, சாக்ஸ்1 மூன்றும் முக்கியமானவை. எதை நீக்கினாலும் நார் நீள்வது கெட்டுப்போகிறது, பந்து உள்ளே காலியாகவோ அரைகுறையாகவோ நிற்கிறது. பிட்எக்ஸ்3 என்பது முன்பக்கச் செல்களைச் செல்களாகவே வைத்திருக்க உதவுகிறது. அது குறைந்த எலிகளில் லென்ஸ் தொடங்கி, பிறகு சிதைந்துவிடும். அதே எலிகளுக்கு நடுமூளையில் டோபமைன் செல்களும் குறைந்துபோகின்றன, ஏனெனில் அங்கேயும் இதே மரபணு வேலை செய்கிறது. கண்ணுக்கென்று மட்டும் ஒதுக்கப்பட்ட மரபணு என்று ஒன்றைத் தேடினால் கிடைப்பது கடினம் என்பதற்கு இது இன்னொரு சான்று.

நார் செல்கள் தம்மைக் கிரிஸ்டலின் புரதங்களால் நிரப்பிக்கொள்கின்றன. இதில் எனக்கு எப்போதும் வியப்புத் தரும் விஷயம், இந்தப் புரதங்களில் பல லென்ஸுக்காக உருவானவையே இல்லை. 1980களில் ஜோரம் பியாட்டிகோர்ஸ்கி, கிரேம் விஸ்டோ முதலானவர்கள் கண்டது இது. வாத்தின் லென்ஸில் உள்ள எப்சிலான்-கிரிஸ்டலின், உடல் முழுக்க லாக்டேட்டைக் கையாளும் ஒரு நொதி. பறவைகளின் டெல்டா-கிரிஸ்டலின், யூரியாச் சுழற்சியைச் சேர்ந்த ஒரு நொதியின் உறவு. நம் லென்ஸில் நிறைந்துள்ள ஆல்ஃபா-கிரிஸ்டலின், வெப்ப அதிர்ச்சியில் மற்றப் புரதங்கள் கெட்டுத் திரளாமல் காக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. நன்றாகக் கரைந்து, நெருக்கமாக அடைந்து, நீண்ட காலம் கெடாமல் இருக்கக்கூடிய புரதம் எதுவானாலும் போதும். அதன் மரபணுவுக்குப் பக்கத்தில் பேக்ஸ்6, சாக்ஸ், மாஃப் வந்து உட்காரச் சில எழுத்துகள் அமைந்துவிட்டால், அது லென்ஸ் புரதமாகிவிடும்.

கடைசியில் நார் செல்கள் தங்கள் உட்கரு, மைட்டோகாண்ட்ரியா எல்லாவற்றையும் அழித்துக்கொள்கின்றன, ஒளியைச் சிதறடிக்கும் எதுவும் உள்ளே இருக்கக் கூடாதே. உட்கருவின் டிஎன்ஏவை வெட்ட லென்ஸுக்கென்று ஒரு நொதி இருக்கிறது. அது இல்லாத எலிகளில் டிஎன்ஏ மிச்சமிருந்து கண்புரை வருவதை 2003இல் ஒசாகாவில் காட்டினார்கள். உட்கரு போன பிறகு புதுப் புரதம் செய்ய வழியில்லை. அதனால் லென்ஸின் நடுமையத்தில் உள்ள புரதம், நீங்கள் தாயின் வயிற்றில் இருந்தபோது செய்ததுதான், கடைசி வரைக்கும். 2016இல் கிரீன்லாந்துச் சுறாக்களின் வயதைக் கணிக்க விஞ்ஞானிகள் நாடியதும் இந்த லென்ஸ் மையத்தைத்தான். அதிலுள்ள கதிரியக்கக் கார்பனை அளந்து, மிகப் பெரிய சுறாவுக்கு ஏறக்குறைய 392 வயது, 120 ஆண்டுகள் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று கணித்தார்கள்.

இப்போது குகை மீன். மெக்சிகோவின் ஆறுகளில் வாழும் அஸ்டியானாக்ஸ் என்ற சிறு மீனின் கூட்டங்கள் குகைகளில் மாட்டிக்கொண்டு கண்ணை இழந்தன. வியப்பு என்னவென்றால், குகை மீனின் கருவிலும் கண் தொடங்குகிறது. லென்ஸும் கண் கிண்ணமும் வருகின்றன. பிறகு முதலில் லென்ஸ் செல்கள் தாமாகவே மடியத் தொடங்குகின்றன, கண் மெல்லச் சிதைந்து தோலுக்கு அடியில் புதைந்துபோகிறது. 2000இல் யமமோட்டோவும் வில்லியம் ஜெஃப்ரியும் ஆற்று மீன் கருவின் லென்ஸை எடுத்துக் குகை மீன் கருவின் ஒரு கண்ணில் வைத்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் கார்னியா, ஐரிஸ் எல்லாம் உள்ள பெரிய கண் வளர்ந்தது. திருப்பிச் செய்தபோது ஆற்று மீனின் கண் சிதைந்தது. எனவே நீங்கள் கேள்விப்பட்டது பெருமளவு உண்மை. ஆனால் லென்ஸ் ஏன் மடிகிறது என்று கேட்டால் காரணம் லென்ஸுக்கு வெளியே இருக்கிறது. குகை மீனின் தலை நடுக்கோட்டில் ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞை அகன்று பரவுகிறது. அது பேக்ஸ்6 இயங்கும் பகுதியைக் குறுக்கிவிடுகிறது, கண் சிறுக்கிறது, லென்ஸ் மடிகிறது. ஆற்று மீன் கருவில் ஹெட்ஜ்ஹாக்கைச் செயற்கையாகக் கூட்டியபோதும் லென்ஸ் மடிந்தது. விழித்திரையின் பங்கும் இதில் இருக்கிறது என்று பிந்தைய ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் லென்ஸை மட்டும் ஒற்றைக் காரணமாக எழுதாதீர்கள்.

தேர்வில் இன்னொரு கேள்வி வழக்கமாக வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். நியூட் என்னும் நீர்ப்பல்லியின் லென்ஸை எடுத்துவிட்டால் அது மறுபடி வளர்கிறது, ஆனால் தோலிலிருந்து வருவதில்லை. ஐரிஸின் மேல்விளிம்பில் உள்ள நிறமிச் செல்கள் நிறத்தை இழந்து லென்ஸாகின்றன. ஜப்பானிய நியூட்களில் 16 ஆண்டுகளில் 18 முறை லென்ஸை எடுத்தும், கடைசியாக வந்த லென்ஸ் அமைப்பில் இளம் நியூட்டினுடையதைப் போலவே இருந்தது என்று 2011இல் வெளியிட்டார்கள். கருவில் லென்ஸ் தோலிலிருந்து வருகிறது, இங்கே மூளையிலிருந்து வந்த திசுவிலிருந்து வருகிறது. தொடங்கும் இடம் வேறாக இருந்தாலும் பேக்ஸ்6, புராக்ஸ்1 எல்லாம் இங்கேயும் வேலைக்கு வருகின்றன.

ஆய்வகத்தில் மனிதக் குருத்தணுக்களிலிருந்து (பல வகைச் செல்களாக மாறக்கூடிய தொடக்கநிலைச் செல்கள்) லென்ஸ் செல் செய்யும் முறைகளைப் பார்த்தால், நான் மேலே சொன்ன வரிசை அப்படியே தெரியும். 2010இல் வெளியான மூன்று கட்ட முறையில், முதலில் பிஎம்பியைத் தடுக்கும் நாகின் என்ற புரதத்தைக் கொடுத்துச் செல்களை நரம்புப் புறப்படையின் பக்கம் கொண்டுபோகிறார்கள். அடுத்து நாகினை நிறுத்திவிட்டு பிஎம்பியும் எஃப்ஜிஎஃப்பும் சேர்த்துக் கொடுக்கிறார்கள், லென்ஸ் முன்செல்கள் வருகின்றன. கடைசியில் எஃப்ஜிஎஃப்போடு டபிள்யுஎன்டியைச் சேர்க்கிறார்கள், கிரிஸ்டலின் நிறைந்த சிறு லென்ஸ் உருண்டைகள் வருகின்றன. தொடக்கத்தில் லென்ஸைத் தடுத்த டபிள்யுஎன்டி, நார் உருவாகும் கட்டத்தில் உதவிக்கு வருகிறது. பிறவிக் கண்புரைக்குக் காரணமான மரபணுப் பழுதுகளை மனிதச் செல்லிலேயே வைத்து ஆராய இந்த உருண்டைகள் இப்போது பயன்படுகின்றன.